எண் யாருடையது? கெர்னல் கட்டுமானமும் சி நூலகத்தின் மேக்ரோ மாற்றங்களும்



படிப்புக்காகப் பொருளை ஒதுக்கி வைப்பது இந்த மண்ணில் பழைய வழக்கம். 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் நடந்துவந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியுமாக அமைந்த செப்பேடுகள் அவை. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில், ஒரு கல்வி அறக்கட்டளையின் பெயரால் பேச நிற்கும்போது, பத்து விஷயங்களைத் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு பழுதை எடுத்துக்கொண்டு அதன் வேர்வரை போகலாம் என்று வந்திருக்கிறேன். ஒற்றை எரர் வரி. அது ஏன் வந்தது, அதைச் சரிசெய்தவர்கள் என்ன செய்தார்கள், நாம் அதிலிருந்து எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

இப்படி வைத்துக்கொள்வோம். பாகூர்ப் பக்கத்தில் ஒரு மாணவி. ஏரியின் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்கிறார். கையில் இருப்பது மலிவான பழைய போர்டு. உள்ளே ஏஆர்எம் சிப். அந்தப் போர்டை விற்ற நிறுவனம் 2018இல் லினக்ஸ் கெர்னல் 4.14இன் மூலநிரலைக் கொடுத்தது. ஜிபிஎல் உரிமத்தின்படி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த மூலநிரலைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை. 2018இல் நின்றது அங்கேயே நிற்கிறது. அவருடைய சீனியர் மாணவர் உபுண்டு 18.04இல் இதே மூலநிரலைக் கம்பைல் செய்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை. இந்த மாணவியின் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 20.04. கட்டளையைக் கொடுத்த சில நிமிடங்களில் எல்லாம் நின்றுவிடுகிறது. திரையில் ஒரு செய்தி: புதிய முகவரிக் குடும்பம் ஒன்று வரையறுக்கப்பட்டிருக்கிறது, வகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கவும்.

இந்தச் செய்தி ஓர் ஆளை எவ்வளவு குழப்பும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் எந்த முகவரிக் குடும்பத்தையும் வரையறுக்கவில்லை. மூலநிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. சீனியரிடம் சரியாக ஓடிய அதே கோப்புகள். மாறியது மடிக்கணினியின் இயங்குதளம் மட்டும். அந்த மாற்றத்துக்கும் ஏரியில் போய் உட்காரப்போகும் ஏஆர்எம் போர்டின் கெர்னலுக்கும் என்ன தொடர்பு?

சி மொழி படித்த மாணவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். கெர்னல் சி நூலகத்தைப் பயன்படுத்துவதே இல்லை. நாம் எழுதும் சாதாரண சி நிரல் பிரின்ட்எஃப், மாலக் என்று எதைக் கூப்பிட்டாலும் ஜிலிப்சி போன்ற ஒரு நூலகம் அதை நிறைவேற்றித் தருகிறது. அந்த நூலகம் கெர்னலிடம் போய்க் கேட்டு வாங்கித் தருகிறது. கெர்னலோ எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. தனக்கு வேண்டிய சரங்களைக் கையாளும் செயற்கூறுகளைக்கூடத் தானே வைத்திருக்கிறது. கம்பைல் செய்யும்போது கணினியின் வழக்கமான ஹெடர் கோப்புகளைப் பார்க்கவே கூடாது என்று கம்பைலருக்கு ஆணையும் இடுகிறது. அப்படியிருக்க, சி நூலகத்தில் ஓர் எண் மாறினால் கெர்னல் பில்ட் ஏன் உடைய வேண்டும்?

விடை இதுதான். கெர்னலைக் கட்டும்போது கெர்னல் மட்டும் கட்டப்படுவதில்லை. கட்டுமானத்துக்கு உதவும் பல சிறு நிரல்கள் முதலில் கட்டப்படுகின்றன. எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஃபிக்ஸ்டெப், கட்டமைப்புத் தேர்வுகளைப் படிக்கும் கான்ஃப், மாட்யூல்களைச் சரிபார்க்கும் மாட்போஸ்ட், இப்படிப் பல. இவை ஏரியின் போர்டில் ஓடப்போவதில்லை; மாணவியின் மடிக்கணினியில், அந்தச் சில நிமிடங்கள் மட்டும் ஓடப்போகின்றன. எனவே இவை மடிக்கணினியின் கம்பைலரால், மடிக்கணினியின் சி நூலகத்தோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. பில்ட் ஓடும்போது திரையின் இடது ஓரத்தைக் கவனித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கெர்னலின் கோப்பு என்றால் வரி ‘சிசி’ என்று தொடங்கும். கட்டும் கணினிக்கான உதவி நிரல் என்றால் ‘ஹோஸ்ட்சிசி’ என்று தொடங்கும். பழுது ஹோஸ்ட்சிசி வரிக்குக் கீழே வந்தால், கெர்னல் நிரலைத் துருவுவதற்கு முன் உங்கள் கணினியின் ஹெடர்களைப் பாருங்கள். பில்ட் உடைந்து நிற்கும் ஒருவருக்கு நான் சொல்லும் முதல் குறிப்பு இதுவே.

மாணவியின் பழுது ஜென்ஹெடர்ஸ் என்ற உதவி நிரலைக் கம்பைல் செய்யும்போது வந்தது. அது எஸ்.ஈ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கைச் சேர்ந்தது. எந்த நிரல் எதைத் தொடலாம், எந்த வழியாகப் பேசலாம் என்று கெர்னலுக்குள்ளேயே விதி வைத்து நிறுத்தும் அடுக்கு அது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இந்த அவையில் பலருடைய சட்டைப் பையிலும் கைப்பையிலும் இந்நேரம் அது வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் வகுப்புகள் எல்லாம் கிளாஸ்மேப் என்ற ஒரு ஹெடர் கோப்பில் பட்டியலாக இருக்கின்றன. ஜென்ஹெடர்ஸ் அந்தப் பட்டியலைப் படித்து, கெர்னலுக்கு வேண்டிய எண் வரையறைகளை ஹெடர் கோப்புகளாக எழுதித் தருகிறது.

இனி முகவரிக் குடும்பம். இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ள சாக்கெட் திறக்கும்போது எந்த வகைத் தொடர்பு என்பதை ஓர் எண்ணால் சொல்கிறோம். ஒரே கணினிக்குள் பேசும் யூனிக்ஸ் வகைக்கு 1. நாம் அன்றாடம் பயன்படுத்தும் இணைய நெறிமுறையின் 4ஆம் பதிப்புக்கு 2, 6ஆம் பதிப்புக்கு 10. புதிய வகை வரவரப் பட்டியல் நீளும். பட்டியலின் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணை ஒரு மேக்ரோவில் வைத்திருப்பார்கள். அதன் பெயர் பி.எஃப். மேக்ஸ். மேக்ரோ என்பது கம்பைலர் நிரலைப் படிக்கத் தொடங்குமுன் பெயரை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மதிப்பை நிரப்பும் ஏற்பாடு. எனவே ஒரு மேக்ரோவின் மதிப்பு என்ன என்பது, அந்த நேரத்தில் எந்த ஹெடர் கோப்பு உள்ளே இழுக்கப்பட்டது என்பதை மட்டுமே பொறுத்தது.

2017இல் வந்த கெர்னல் 4.11இல் ஸ்டீபன் ஸ்மாலி ஒரு நல்ல வேலை செய்தார். அதுவரை எஸ்.ஈ.லினக்ஸ் பல வகை சாக்கெட்டுகளை ஒரே பொது வகுப்பில் போட்டு வைத்திருந்தது. அவர் ஒவ்வொரு முகவரிக் குடும்பத்துக்கும் தனி வகுப்பு கொடுத்தார். கூடவே ஒரு காவலையும் வைத்தார். நாளைக்கு யாராவது கெர்னலில் புதிய குடும்பத்தைச் சேர்த்துவிட்டு இங்கே வகுப்புச் சேர்க்க மறந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சரியான விதி இல்லாமல் போகும். ஆகவே, பி.எஃப். மேக்ஸ் நமக்குத் தெரிந்த எண்ணைத் தாண்டினால் பில்டை நிறுத்து, பட்டியலைப் புதுப்பிக்கச் சொல். மறதியைப் பாதுகாப்பு ஓட்டையாக மாற விடாமல், கட்டும்போதே பிடித்துவிடும் ஏற்பாடு. இந்தக் காவல் சரியானது. அதை இன்றைக்கும் நான் பாராட்டுகிறேன். கெர்னல் 4.14இல் அந்த வரம்பு 44.

2018 ஆகஸ்டில் கெர்னல் 4.18 வந்தது. அதில் எக்ஸ்.டி.பி. என்ற புதிய முகவரிக் குடும்பம் 44 என்ற எண்ணோடு சேர்ந்தது. அந்தக் கெர்னலின் பி.எஃப். மேக்ஸ் 45 ஆயிற்று. கிளாஸ்மேப்பிலும் வகுப்பைச் சேர்த்து வரம்பை 45 ஆக்கினார்கள். காவல் தன் வேலையைச் செய்தது. பிறகு, 2019 பிப்ரவரியில் ஜிலிப்சி 2.29 வெளிவந்தது. புதிய கெர்னலில் உள்ள எண்களைத் தன் ஹெடர்களிலும் சேர்த்துக்கொள்வது ஜிலிப்சியின் வழக்கம். அதன் சாக்கெட் ஹெடரிலும் பி.எஃப். மேக்ஸ் 45 ஆயிற்று. அதுவும் சரிதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது.

கோளாறு எங்கே நேர்ந்தது என்றால், ஜென்ஹெடர்ஸ் நிரல் மடிக்கணினியின் சாக்கெட் ஹெடரை உள்ளே இழுத்திருந்தது. கிளாஸ்மேப்பில் உள்ள காவல், பி.எஃப். மேக்ஸ் எவ்வளவு என்று கேட்டபோது பதில் சொன்னது கெர்னல் 4.14 அல்ல, ஜிலிப்சி. உபுண்டு 18.04இல் ஜிலிப்சி 2.27, அதன் பதில் 44, தாண்டவில்லை, பில்ட் ஓடியது. உபுண்டு 20.04இல் ஜிலிப்சி 2.31, அதன் பதில் 45, தாண்டிவிட்டது, பில்ட் நின்றது. கட்டப்படும் கெர்னலில் எக்ஸ்.டி.பி. குடும்பமே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு வகுப்புச் சேர்க்கச் சொல்லிக் காவல் தடுத்துக்கொண்டிருந்தது.

நம் பழைய கல்வெட்டுகளில் நெல் அளவைச் சொல்லும்போது இத்தனை கலம் என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று அளவுகோலின் பெயரும் சேர்ந்தே வரும். ஊருக்கு ஊர் மரக்கால் மாறலாம் என்பதை அறிந்தவர்கள் எழுதியது அது. கிளாஸ்மேப்பின் காவல் எண்ணைச் சொன்னது, மரக்காலைச் சொல்லவில்லை. கெர்னலின் மரக்காலும் மடிக்கணினியின் மரக்காலும் ஒரே அளவாக இருந்த வரைக்கும் குறை வெளியே தெரியவில்லை.

இந்தப் பழுதுக்குக் கேட்டால் கிடைக்கும் உடனடி வைத்தியங்கள் மூன்று. 44ஐ 45 ஆக்கு என்பார்கள். அந்த எரர் வரியை அழித்துவிடு என்பார்கள். எஸ்.ஈ.லினக்ஸை அணைத்துவிட்டுக் கம்பைல் செய் என்பார்கள். மூன்றிலும் பில்ட் ஓடும். மூன்றையும் நான் ஏற்க மாட்டேன். முதலாவது, அடுத்த முறை ஜிலிப்சி ஓர் எண்ணைக் கூட்டும்போது மறுபடி உடையும். அப்படியே நடந்திருக்கும்: 2021இல் கெர்னல் 5.15இல் எம்.சி.டி.பி. என்ற குடும்பம் 45ஆம் எண்ணாக வந்து, பி.எஃப். மேக்ஸ் 46 ஆயிற்று. இரண்டாவது, ஒரு நல்ல காவலை நம் வசதிக்காகக் கொல்கிறது. மூன்றாவது மிக மோசம். ஒரு சிறு உதவி நிரலின் குழப்பத்துக்காக, இணையத்தில் இணைந்திருக்கப்போகும் ஒரு கருவியின் பாதுகாப்பையே கழற்றி வைக்கச் சொல்கிறது.

2019 பிப்ரவரியில் பாவ்லோ அல்காந்தரா அனுப்பிய திருத்தம் வேறு வகை. ஜென்ஹெடர்ஸிலும், அதன் தோழமை நிரலான எம்டிபியிலும் மடிக்கணினியின் சாக்கெட் ஹெடரை இழுக்கும் வரியை நீக்கினார். கிளாஸ்மேப்பில், கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இருக்கும் சாக்கெட் ஹெடரை இழுக்கும் வரியைச் சேர்த்தார். சாரம் இவ்வளவே. வரம்பு எண்ணில் கை வைக்கவில்லை, காவலை அகற்றவில்லை. கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போகும்படி திருப்பிவிட்டார். 4.14ஐக் கட்டினால் 4.14இன் எண், 5.1ஐக் கட்டினால் 5.1இன் எண். மடிக்கணினியில் எந்த ஜிலிப்சி இருந்தாலும் கவலையில்லை. அந்தத் திருத்தம் முதன்மைக் கெர்னலுக்குப் போய், அங்கிருந்து பராமரிப்பில் இருந்த பழைய நிலைப் பதிப்புகளுக்கும் போயிற்று. போர்டு விற்ற நிறுவனம் நிலைப் பதிப்புகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால் நம் மாணவிக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது.

கதை அங்கே முடிந்ததா என்றால் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. கெர்னலின் சொந்த ஹெடர் என்பது கெர்னலுக்காக எழுதப்பட்டது. அது இன்னும் பல கெர்னல் ஹெடர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். அதையெல்லாம் ஒரு சாதாரண உதவி நிரலுக்குள் கொண்டுவருவதும் நேர்த்தியல்ல. மேக்ஓஎஸ் கணினியில் லினக்ஸ் கெர்னலைக் கட்ட முயன்றவர்களுக்கு அங்கே பில்ட் உடைந்தது. 2024இல், கெர்னலின் கட்டுமான அமைப்பை அப்போது பராமரித்துவந்த மசாஹிரோ யமாடா இதை மறுபடி கையில் எடுத்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்தக் காவலை உதவி நிரல் ஏன் கேட்க வேண்டும்? கிளாஸ்மேப் கெர்னலுக்குள்ளும் சேர்க்கப்படுகிறது. கெர்னல் கம்பைல் ஆகும்போது காவல் கேட்டால் போதும். உதவி நிரல் கம்பைல் ஆகும்போது கேட்கவே வேண்டாம். ஆகவே காவலையும், அதற்காக இழுத்த ஹெடர்களையும் கெர்னல் கம்பைலின்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி அடைத்து வைத்தார். முதல் திருத்தம் சரியானவரிடம் கேட்க வைத்தது. இரண்டாம் திருத்தம் சரியான நேரத்தில் கேட்க வைத்தது. நல்ல திருத்தத்தையும் ஐந்தாண்டு கழித்து ஒருவர் திரும்பிப் பார்த்து மேலும் செம்மையாக்கலாம் என்பதில் முன்னவருக்குச் சிறுமை எதுவும் இல்லை.

இந்த வகைப் பழுதுகள் எல்லாவற்றுக்கும் இதே மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. சி நூலகம் மாறியதால் உடைந்தது என்று ஒரே பெயர் கொடுத்தாலும் உள்ளே நோய் வேறு வேறு.

2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் ஒன்று வரும்போது அதைக் கையாளும் செயற்கூறுக்கு எவ்வளவு அடுக்கு நினைவகம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு ஒரு மேக்ரோ உண்டு. காலங்காலமாக அது ஓர் உறுதியான எண். பலர் அந்த எண்ணளவுக்கு நிலையான அணி ஒன்றை அறிவித்து வைப்பார்கள். ஆனால் செயலிகளின் பதிவகங்கள் பெருத்துக்கொண்டே போயின. இன்டெல்லின் ஏவிஎக்ஸ்-512 வந்தபின், சிக்னல் வரும்போது சேமிக்க வேண்டிய நிலைத் தகவல், குறைந்தபட்சம் என்று சொல்லிவந்த 2048 பைட்டையே தாண்டிவிடுகிறது. எந்தச் செயலியில் ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓர் எண்ணைச் சொல்வது இனி பொய் சொல்வதாகும். எனவே புதிய ஜிலிப்சியில், க்னு நீட்சிகளைக் கேட்டுக் கம்பைல் செய்யும் நிரல்களுக்கு, அந்த மேக்ரோ எண்ணாக இல்லாமல், ஓடும் நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அழைப்பாக மாறியது. அணியின் அளவாக அதை வைத்திருந்த நிரல்கள் எல்லாம் உடைந்தன. கெர்னலோடு வரும் சோதனை நிரல்களும் அவற்றில் அடக்கம். இங்கே எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பது கேள்வியே அல்ல. எண் என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. திருத்தம் என்பது நிலையான அணியை விட்டுவிட்டு, ஓடும்போது அளவைக் கேட்டு நினைவகம் ஒதுக்குவதுதான்.

மூன்றாவது வகை இன்னும் புதியது, இன்றைய மாணவர்கள் நேரில் சந்திக்கப்போவது. ஒரு சரத்துக்குள் ஓர் எழுத்தைத் தேடித்தரும் செயற்கூறு சி மொழியில் நெடுங்காலமாக இருக்கிறது. அதற்கு ஒரு பழைய குறையும் உண்டு. மாற்றக் கூடாது என்று முத்திரையிட்ட சரத்தைக் கொடுத்தாலும், அது திருப்பித் தரும் சுட்டியில் முத்திரை இருக்காது. மாற்றக் கூடாததை மாற்ற அது ஒரு பின்கதவு. 2024இல் வெளியான சி23 தரநிலை இந்தக் கதவை மூடியது: முத்திரையோடு கொடுத்தால் முத்திரையோடுதான் திரும்பி வரும். சி மொழியில் இதைச் செய்ய, அந்தச் செயற்கூறுகளை வகையறிந்து நடக்கும் மேக்ரோக்களாக்க வேண்டும். 2026 தொடக்கத்தில் வந்த ஜிலிப்சி 2.43 அப்படியே செய்திருக்கிறது. விளைவு? முத்திரை போன சுட்டியை எதிர்பார்த்து எழுதிய நிரல்களில் எல்லாம் எச்சரிக்கை வருகிறது. எச்சரிக்கையைப் பிழையாகக் கருது என்ற கட்டளையோடு கம்பைல் ஆகும் நிரல்களில் பில்ட் நிற்கிறது. கெர்னல் மூலநிரலோடு சேர்ந்து வரும் லிப்பிபிஎஃப் என்ற நூலகம் அவற்றில் ஒன்று. கெர்னலைக் கட்டும்போதே கட்டும் கணினிக்காக அது கம்பைல் ஆவதால், சில கட்டமைப்புகளில் கெர்னல் பில்டே அதோடு நின்றுவிடும். ஜிலிப்சியின் வளர்நிலைப் பதிப்புகளோடு வேலை செய்தவர்கள் வெளியீட்டுக்கு முன்பே இதைக் கண்டார்கள். 2025 இறுதியிலேயே லிப்பிபிஎஃப்புக்குத் திருத்தம் வந்தது. அது செய்ததெல்லாம், வாங்கிக்கொள்ளும் மாறிகளையும் முத்திரையோடு அறிவித்ததுதான்.

இந்த மூன்றாம் வகையில் சி நூலகம் சொல்வதே சரி, நம் நிரலே தளர்வாக இருந்தது. எச்சரிக்கையை அணைக்கும் கொடியைப் போட்டுவிட்டுப் போனால், நமக்கு இலவசமாக வந்த ஒரு பிழைதிருத்துநரை வாசலோடு திருப்பி அனுப்பியதாகும். முதல் வகையில் நூலகத்திடம் கேட்டதே தவறு. இரண்டாம் வகையில் உலகம் மாறியதை நூலகம் நேர்மையாகச் சொல்லிற்று. ஆகவே பழுது வந்ததும் வைத்தியத்தைத் தேடாதீர்கள். மாறிய மேக்ரோ எது, அதன் பதிலை நம் நிரல் எதற்காகக் கேட்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடிக்கும் வழிகள் கடினமானவை அல்ல. பல கோர்களில் ஒரே நேரத்தில் பில்ட் ஓடினால் எரர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டும். ஒரே கோரில் ஓட்டி முதல் எரரைப் பாருங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் முதலாவதின் பிள்ளைகள். மேக் கட்டளையோடு வி=1 என்று சேர்த்தால் கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையும் திரையில் வரும்; எந்தக் கோப்புறைகளில் ஹெடர் தேடப்படுகிறது என்பது அதிலேயே இருக்கிறது. அந்தக் கட்டளையை எடுத்து ஜிசிசியின் எச் கொடியைச் சேர்த்தால் உள்ளே இழுக்கப்படும் ஹெடர்கள் வரிசையாக வரும். மேக்ரோக்களின் இறுதி மதிப்புகளைப் பட்டியலிடவும் ஜிசிசியில் வசதி உண்டு. பிறகு, மூலநிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைக்கும் கிட் வரலாறு. அந்தக் காவல் வரியை யார், எப்போது, ஏன் எழுதினார் என்பதற்குக் கெர்னலின் கிட் வரலாற்றில் பெரும்பாலும் முழு விளக்கமும் இருக்கும். உலகத்தில் இவ்வளவு கவனமாக எழுதி வைக்கப்பட்ட பணிக்குறிப்புகள் மிகக் குறைவு. அதைப் படிப்பதை ஒரு பாடமாகவே நம் கல்லூரிகளில் வைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

பழைய உபுண்டு 18.04ஐ ஒரு கண்டெய்னருக்குள் வைத்துக் கம்பைல் செய்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நாளை காலை கருவி ஏரியில் இருக்க வேண்டும் என்றால் செய்யுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் பதிப்பின் பொது ஆதரவு 2023இலேயே முடிந்துவிட்டது. திருத்தத்தைத் தேட நேரம் கிடைக்கும்வரை தாங்கும் முட்டு மட்டுமே அது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். கெர்னல் உலகம், முன்பு கட்டி முடித்த நிரல்களை உடைக்காது என்பதில் கண்டிப்பானது. ஜிலிப்சியும் பழைய இருமக் கோப்புகள் ஓடும்படி தன் செயற்கூறுகளுக்குப் பதிப்பு எண் கொடுத்துக் காப்பாற்றி வருகிறது. ஆனால் பழைய மூலநிரல் புதிய கணினியில் கம்பைல் ஆகும் என்ற உறுதியை அதே அளவில் யாரும் தருவதில்லை. அதாவது, மூலநிரல் கையில் இருந்தால் போதும், சுதந்திரம் வந்துவிட்டது என்று இருந்துவிட முடியாது. அதைத் தொடர்ந்து கட்டக்கூடியதாக வைத்திருக்க ஆட்கள் வேண்டும். எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கும் நிறுவனம் பழைய போர்டுகளுக்காக அதைச் செய்யப்போவதில்லை. அவர்களுக்குப் புதிய போர்டு விற்க வேண்டும். பழைய போர்டைப் பழைய மடிக்கணினியோடு வைத்துக்கொண்டு, அதையே ஓட்டியாக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் நாம். ஆகவே இந்த வேலையின் தேவை வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் போன்ற நம் கொம்யூன்களில்தான் அதிகம்.

வசதி போதாது என்று தயங்க வேண்டாம். 4.14 கெர்னலின் சுருக்கிய மூலநிரல் ஏறத்தாழ 100 எம்பி. கைப்பேசி இணையத்தில் இறக்கிவிடலாம். நான் சொன்ன பழுதைப் பார்க்க முழுக் கெர்னலையும் கட்ட வேண்டியதில்லை. உதவி நிரல்கள் பில்டின் தொடக்கத்திலேயே கம்பைல் ஆகிவிடுவதால், பழைய மடிக்கணினியிலும் சில நிமிடங்களில் பழுது முகத்தைக் காட்டிவிடும். 2011 முதல் தமிழ்நாட்டு மாணவர்களுக்குக் கிடைத்த அரசு மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அவற்றில் பலவற்றில் யாரும் அதைத் திறந்தே பார்த்ததில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். பக்கத்து விழுப்புரத்தில் க்னு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்திவருகிறது. கணியம் இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. கேட்டால் சொல்லித்தர ஆள் இருக்கிறது.

மாணவர்களே, நிலைப் பதிப்புக் கெர்னலுக்குப் போகும் ஒரு திருத்தம், சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிக்குமேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இன்று நாம் பார்த்த திருத்தங்கள் அதற்குள் அடங்கிவிடும். அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி, தெளிவாக எழுதிய விளக்கம், இது என் உழைப்பு, பகிர எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் ஒரு கையொப்ப வரி, இவை போதும். கல்லூரி எது, ஊர் எது என்று அங்கே கேட்பதில்லை. அடுத்த ஜிலிப்சி வந்து உங்கள் பில்ட் உடையும்போது, எரர் வரியை அழித்துவிட்டு நகராதீர்கள். எந்த எண், யாருடைய எண் என்று பாருங்கள். முதன்மைக் கெர்னலில் ஏற்கெனவே திருத்தம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதுங்கள். எழுதியதை உங்கள் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிடுங்கள்.